அம்மன் விளக்குக்கு அலுமினியம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருஷம் யோசித்தேன். மூன்று தடவை ஆரம்பிக்கவும் செய்தேன். முதல் தடவை எழுதியதை நானே கிழித்துப் போட்டேன். இரண்டாம் தடவை எழுதியதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன், கரப்பான் தின்றுவிட்டது. மூன்றாம் தடவை எழுதியதை என் வீட்டுக்காரி படித்துவிட்டு, "இதுல உங்க தப்பு மட்டும் காணோமே?" என்று கேட்டாள். அதோடு நின்றுபோனது. இந்தத் தடவை தப்பையும் சேர்த்து எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே ஒரு ஷெட்டில் எனக்கு வேலை. ஆம்பிளிஃபயர், இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு, இதில் எதைக் கழற்றிப் பார்த்தாலும் உள்ளே பல் பல்லாக ஓர் அலுமினியத் துண்டு இருக்கும். அதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். ஷெட்டில் நாங்கள் சீப்பு என்போம். மின்சாரச் சாமான் வேலை செய்தால் சூடாகும். அந்தச் சூட்டைச் சீப்பு வாங்கி, பற்கள் வழியாகக் காற்றிடம் கொடுத்துவிடும். வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் சாமான் தன் சூட்டிலேயே வெந்து போகும்.

நீளமாக வரும் பட்டையை வெட்டுவேன், துளை போடுவேன், மரை எடுப்பேன், பிசிறு தட்டுவேன். இத்தனை வருஷத்தில் ஏன் எல்லாச் சீப்பும் அலுமினியம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. விலை குறைவு, அதனால் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரியின் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் சரியாகத் தெரியவில்லை. ஆப்பரேஷன் செய்து எடுத்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர் அம்மா.

"ரெண்டு மாசத்துக்கு மேல தள்ளக் கூடாது. அதுக்குள்ள வந்து சேர்ந்துடணும்."

"அறுபதாவது நாள் வரலாமாம்மா?" என்று கேட்டாள் இவள்.

"வரலாம். அறுபத்தொண்ணு வேணாம்."

எதற்கு நாளைக் கேட்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலுக்கு நடந்தாள். கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கருவறை ஒரு பீரோ அகலம், ஒரு பீரோ உயரம். முன்னால் கம்பிக் கதவு. அங்கே நின்று, அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் காதில் விழும்படி வேண்டிக்கொண்டாள்.

"அம்மா தாயே, ஒரு மண்டலம் உன் சன்னதில வெளக்கு அணையாம எரியும். எரிஞ்சி முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நடுவுல அணைஞ்சா மொதல்லேர்ந்து எண்ணுவேன்."

மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டாம். யாரும் கேட்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "மொதல்ல ஆப்பரேஷனை முடிச்சிக்கினு அப்பால வெளக்கு ஏத்தினா இன்னா?"

"கயுத்துல கத்தி படறதுக்கு முன்னாடி அவள ஒரு வார்த்தை கேக்க வோணாமா?"

"அதான் கேட்டுட்டியே."

"கேட்டா ஆச்சா? பதிலுக்குக் காத்துக்கினும் இருக்கணும்."

டாக்டர் கொடுத்தது அறுபது நாள். வேண்டுதலுக்கு வேண்டியது நாற்பத்தெட்டு. கையில் மிச்சம் பன்னிரண்டு. பரவாயில்லை என்று நினைத்தேன். விளக்கு என்பது என் தொழில். அது எப்படி அணையும்?

எண்ணெய் விளக்கு வைக்க முடியாது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எண்ணூர் ரோட்டில் போன கண்டெய்னர் லாரியின் காற்றில் சுடர் சாய்ந்து அம்மன் கட்டியிருந்த பட்டு கருகிப்போனது. அதிலிருந்து கருவறைக்குள் எண்ணெய் விளக்கே வேண்டாம் என்று தெருக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். அன்று சாயந்தரமே கடையில் ஒரு எல்.இ.டி. பல்பு வாங்கி, கண்ணாடிக் கூண்டு போட்டு மாட்டினேன். கரண்ட் போனால் எரிய இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயரும் இழுத்துக் கொடுத்தேன். அவள் காலண்டரில் ஒரு கோடு போட்டாள்.

நாலு கோடு போட்டதும் விடியற்காலையில் பூசாரி வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையும் மாலையும் பூசை.

"மாமு, கதவத் தொறக்கறேன், உள்ள ஒரே இருட்டா கீது. நான் கை வெக்கலப்பா, முன்னாடியே சொல்ட்டேன்."

போய்ப் பார்த்தேன். பல்பின் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி பழுத்திருந்தது. மேலே மூடிய கருவறை, அதற்குள் கண்ணாடிக் கூண்டு, இதில் கற்பூரச் சூடு வேறு. பல்பு விட்ட சூடு போக இடமில்லாமல் பல்புக்கே திரும்பி வந்திருக்கிறது. இவள் காலண்டரில் நாலு கோட்டையும் குறுக்கே அடித்தாள்.

"நானே செய்றேன்" என்றேன். "பெரிய எல்.இ.டி. சில்லா போட்டு, நல்ல சீப்பா வெச்சி, ஆயுசுக்கும் அணையாத மாதிரி."

"எதுல செய்வீங்க?"

"அலுமினியந்தான்."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அலுமினியமா? அம்மனுக்கா?"

எங்கள் கோயிலில் பால் குடம், தீர்த்தச் சொம்பு, தூபக்கால் எல்லாம் தாமிரம் அல்லது பித்தளை. அலுமினியம் உள்ளே போகாது. ஒரு தடவை ஒரு குடும்பம் அலுமினியச் சட்டியில் பொங்கல் கொண்டுவந்து, பூசாரி அதைக் கம்பிக் கதவுக்கு வெளியிலேயே வைத்துப் படைத்தார். அந்தக் குடும்பம் நாங்கள்தான். தெருவுக்குப் புதிதாக வந்த சமயம். இவள் அதை மறக்கவில்லை.

ஆகவே தாமிரம் வேண்டும். தனித் தாமிரம் கிடைக்க நாளாகும். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. பித்தளையில் பாதிக்கு மேல் தாமிரம். தாமிரம் அலுமினியத்தைவிட உசத்தி. எனவே பித்தளையும் அலுமினியத்தைவிட உசத்தி. எட்டாவதில் நான் கணக்கில்தான் நின்றுபோனேன்.

அவள் பரணிலிருந்து கல்யாணச் சீர் தாம்பாளத்தை இறக்கிக் கொடுத்தாள். "வெட்டிக்கோங்க. அம்மாவுக்குத்தான போவுது."

ஷெட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் செய்தேன். பட்டையாக வெட்டி, பல் பல்லாக நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திருகினேன். இவ்வளவு பொறுமையாக வாழ்நாளில் ஒரு சீப்பும் செய்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவள் புளி போட்டுத் தேய்த்தாள். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

இன்னொன்று. விளக்குச் சில்லுக்கும் சீப்புக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பசை தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை அது அடைக்கும், சூடு தடையில்லாமல் கடந்து போகும். ஷெட்டிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்திருந்தேன். அவள் மோந்து பார்த்தாள்.

"இதுல இன்னா கலந்துகீது?"

"தெரியாது."

"தெரியாதத்த கருவறைல வெப்பீங்களா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வெள்ளைப் பசைக்குப் பதில் சந்தனம் அரைத்தோம். சந்தனம் குளிர்ச்சி. இதில் இரண்டு பேருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. கெட்டியாக ஒரு கரண்டி வைத்து, சில்லை அழுத்தித் திருகினேன். சுற்றிலும் பிதுங்கி வந்ததை அவள் விரலால் வழித்து என் நெற்றியில் வைத்தாள். ஏழாம் நாள் விளக்கு ஏறியது. பார்த்தவர்கள் எல்லாம் தங்கம் மாதிரி இருக்கிறது என்றார்கள்.

முதல் ஆடி வெள்ளி. சாயந்தரப் பூசைக்குத் தெருவே நின்றது. பூசாரி கற்பூரத் தட்டை எடுத்தார். விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டியது. பக்கத்தில் ஒரு அம்மாள், "அம்மா சிரிக்கிறா பாரு" என்றாள். அடுத்த சிமிட்டலில் அணைந்தது. பிறகு எரியவில்லை.

வீட்டில் அவள் கோடுகளை அடித்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். அன்று பதினோராம் நாள். நாளை ஒரு நாள் செய்து, பதின்மூன்றாம் நாள் விடியலில் ஏற்றினால் சரியாக அறுபதாம் நாள் மண்டலம் முடியும். மிச்சம் எதுவும் இல்லை.

"இதுவும் அணைஞ்சா?" என்று கேட்டேன்.

"மொதல்லேர்ந்து எண்ணுவேன்."

"ஆஸ்பத்திரி?"

"முடிச்சிட்டுப் போறேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

அவள் பிடிவாதத்தில் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னாள். தெய்வத்திடம் ஏமாற்று வேலை செய்தால் கத்தியின் கீழே படுக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குப் பயம். எனக்கு அந்தக் கட்டியைப் பற்றிப் பயம். இரண்டு பயமும் ஒரே வீட்டில் அன்று ரசம் சாதம் சாப்பிட்டன.

மறுநாள் காலையில் தண்டையார்பேட்டையில் பழைய உலோகக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். எங்கள் ஷெட்டின் வெட்டுத் துண்டெல்லாம் அவரிடம்தான் போகும். உலோகத்தைக் கையில் வாங்கும்போதே இன்னது என்று சொல்லிவிடுகிற மனிதர். செத்துப்போன விளக்கைத் துணிப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னா நைனா இது, நகைக் கடையில ஆர்டரா?"

"கோயில் வெளக்கு பாய். அஞ்சி நாள்ல பூட்டுச்சி. தாமிரத் தகடு தடிப்பா கெடைக்குமா?"

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துச் சில்லைக் கழற்றினார். உள்ளே காய்ந்து வெடித்த மஞ்சள் பொருக்கு உதிர்ந்தது. விரலில் எடுத்து மோந்தார்.

"இது இன்னா?"

"சந்தனம்."

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். மறுபடியும் விளக்கைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"எதுக்கு நைனா?"

"குளிர்ச்சிக்கு."

"ஈரமா கீற வரிக்கும்தான் அது குளிர்ச்சி. காஞ்சா மண்ணு. சூட்டுக்கு நடுவுல செவுரு எய்ப்பி வெச்சிக்கிற."

பிறகு கடைக்குள்ளிருந்து ஒரே அகலத்தில் மூன்று துண்டுப் பட்டை எடுத்து வந்தார். தாமிரம் ஒன்று, அலுமினியம் ஒன்று, பித்தளை ஒன்று. எதிர்க் கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு சொம்பு டீ வாங்கி, மூன்றையும் அதில் நிறுத்தினார்.

"மேல் மொனையப் புடி. சுட்டா சொல்லு."

தாமிரம் முதலில் சுட்டது, நான் வாயைத் திறப்பதற்குள். அடுத்தது அலுமினியம். பித்தளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சுடும், இப்போது சுடும் என்று நின்றேன். பாய் அதற்குள் ஒரு வாடிக்கையாளருக்கு எடை போட்டு அனுப்பினார். அப்புறம்தான் மெல்லச் சுட்டது.

"பாத்தியா? தாமிரம் ஓட்டப் பந்தயக்காரன். அலுமினியம் கொஞ்சம் பின்னாடி. பித்தளை நடந்து வர்றான்."

"அதுல பாதிக்கு மேல தாமிரம் கீதே பாய்?"

"துத்தநாகம் கலந்துட்டாங்களே. தெருவுல எல்லாரும் நேரா போய்க்கினு இருக்கறப்ப நடுநடுவுல நாலு பேரு குந்திக்கினா இன்னா ஆவும்? அதான். அப்பால இத்த வேற கண்ணாடி மாதிரி தேச்சி வெச்சிகிற. பளபளன்னு இருந்தா சூட்ட லேசுல வுடாது. கருப்பாக்கணும்."

"அப்ப தாமிரமே குடுங்க."

"குடுப்பேன். உங்க மெஷின்ல அத்த பல்லு வெட்டறதுக்குள்ள கத்தி தேஞ்சிடும், பிசுக்குனு ஒட்டும். கனம் வேற, அந்தத் தம்மாத்துண்டு கோயிலு கூரைத் தகடு தாங்குமா? எத்தினி நாள் டைம் கீது?"

"இன்னைக்கு ஒரு நாள்."

அப்போதுதான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, டாக்டர், நாற்பத்தெட்டு, மிச்சம் பூஜ்யம். அவர் கிண்டலை நிறுத்திவிட்டார்.

"கருப்பு அலுமினியம் போடு நைனா. பல்லு நெட்டுக்குத்தா நிக்கணும், சூடான காத்து மேலே ஏறும். எங்க பள்ளிவாசல் மைக்செட்டுக்குப் பின்னாடி கீறது உங்க ஷெட்டு அலுமினியம்தான். இதுவரிக்கும் மேலேர்ந்து யாரும் ஏன்னு கேக்கல."

"மேல கேக்க மாட்டாங்க பாய். வூட்ல கேப்பாங்க."

"அத்த நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

ஷெட்டுக்கு வந்து, கருப்பேற்றிய அலுமினியத்தில் பெரிய பல் வைத்த துண்டு ஒன்றை வெட்டினேன். வெள்ளைப் பசையை எடுத்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல மெல்லிசாகத் தடவினேன். மேசையில் எரிய விட்டு மூன்று மணி நேரம் கழித்துப் பல்லைத் தொட்டேன். ஷெட்டில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பத்து எண்ணும் வரை விரல் தாங்கினால் சாமான் பிழைக்கும். நான் அம்மன் பெயரைப் பத்துத் தடவை சொன்னேன். விரல் தாங்கியது. பித்தளையில் மூன்று சொல்வதற்குள் எடுத்திருந்தேன், சரி, உலோகம் சூடானால் நல்லதுதானே என்று அப்போது விட்டுவிட்டேன்.

வீட்டில் அவள் விளக்கைத் தொடாமல் பார்த்தாள்.

"இது இன்னா?"

"கருப்பு பூசிகீது."

"கருப்பு தெரியுது. உள்ள?"

"தாமிரம்" என்றேன்.

இதுதான் என் தப்பு. யோசித்து, திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அவள் தலை நிமிர்ந்து கேட்டாள், அப்போது அவள் கழுத்து எனக்கு நேராக இருந்தது, வாய் சொல்லிவிட்டது. அதோடு நிற்காமல், தாமிரம் பச்சை பூக்கக் கூடாது என்று கருப்பு பூசினதாகவும் சொன்னேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள்.

பதின்மூன்றாம் நாள் விடியலில் ஏற்றினோம். அதிலிருந்து தினமும் காலை வேலைக்குப் போகும்போதும் சாயந்தரம் வரும்போதும் கருவறைக்குள் கையை விட்டுப் பல்லைத் தொட்டு, அம்மன் பெயரைப் பத்துத் தடவை சொல்லுவேன். பூசாரி என்னிடம் திடீரென்று வந்த பக்தியைப் பார்த்து மற்றவர்களுக்கு என்னை உதாரணம் காட்டினார். நான் குங்குமம் வாங்காமல் வந்துவிடுவேன். பொய் சொல்லிவிட்டு நெற்றியில் வைத்துக்கொள்ளக் கை வரவில்லை. மற்றபடி சாப்பாடு நன்றாக இறங்கியது, தூக்கம் வந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இருபது கோடு ஆனது. அன்று நாலாவது ஆடி வெள்ளி. பூ அலங்காரத்துக்கு இடம் போதவில்லை என்று பூசாரி விளக்கைக் கொக்கியிலிருந்து கழற்றி, வயரோடு, எரிந்தபடியே கையில் பிடித்தார். பிடித்தவர் ஒரு தடவை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமு இது, அப்பளம் மாதிரி லேசா கீது? தாமிரம்னு சொன்னாங்களே உங்க வூட்ல?"

கூடையில் பூ வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். பின்னால் ஒரு பத்துப் பதினைந்து பெண்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அம்மனைப் பார்த்தேன். அங்கேயும் பார்க்க முடியவில்லை.

"அலுமினியம்" என்றேன்.

"எப்பத்தேர்ந்து?"

"ஏத்தின நாள்லேர்ந்து."

"நீ தாமிரம்னு சொன்ன." இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"சொன்னேன். பித்தளைதான் தப்பு. அலுமினியம்தான் சூட்ட வாங்கும். உங்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டேன்னு…"

இருபது நாள் வீணா இல்லையா என்பது அவள் வாயில் இருந்தது. வீண் என்று அவள் சொல்லிவிட்டால் அன்று முதல் நாற்பத்தெட்டு. டாக்டர் அம்மா கொடுத்த அறுபதைத் தாண்டி, பத்தொன்பது நாள் வெளியே போய்விடும். கட்டி அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா என்று யாருக்குத் தெரியும்?

பூசாரிதான் வாயைத் திறந்தார். "யக்கா, சூடா கீது. எறக்கி வெக்கட்டா, மாட்டட்டா? சீக்கிரம் சொல்லு, கை வேவுது."

"உங்களுக்கு இது ஆவுமா? அன்னைக்கு எங்க சட்டிய வெளிய வெச்சிங்களே?"

"அது சோறு, இது வெளக்கு. இருபது நாளா அம்மா தலைக்கு மேல தொங்குது, ஒண்ணும் சொல்லல. நடுவுல நான் யாரு சொல்ல? யக்கா, கை!"

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, விளக்கின் பல்லில் தன் கையை வைத்தாள். எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று எண்ணும் நிலையில் நான் இல்லை. எடுத்துவிட்டு, "மாட்டுங்க" என்றாள்.

பூசாரி மாட்டினார். அணையவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் வெளக்கு அணையக் கூடாதுன்னுதான் வேண்டிக்கினேன். இன்ன உலோகம்னு சொல்லல. வேண்டுதல் நிக்குது. ஆனா நீ சொன்ன பொய்யி என் வேண்டுதல்ல சேராது. அத்த நீயே அவகிட்ட பேசிக்கோ. இங்கயே. எல்லாரும் கீறப்பவே."

பேசிக்கொண்டேன். அம்மா, நான் பொய் சொன்னேன், அது அலுமினியம், இவள் மேல் குற்றமில்லை என்று சொன்னேன். பின்னால் ஒரு பெண், "இன்னா சொல்றாரு, கேக்கல" என்றாள். மறுபடியும் உரக்கச் சொன்னேன். பூசாரி வெந்த விரலாலேயே எனக்குக் குங்குமம் கொடுத்தார். அன்றைக்கு வாங்கிக்கொண்டேன்.

மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை. காலையில் கோடு போடும்போது மட்டும் எண்ணிக்கையை உரக்கச் சொல்லுவாள். இருபத்தொண்ணு. இருபத்திரண்டு. இருபத்துமூணு. நாலாம் நாள், "இருபத்துநாலு, காப்பி ஆறிடப் போவுது" என்றாள்.

நாற்பத்தெட்டாம் கோடு போட்ட அன்று காலையில் கோயிலுக்குப் போனோம். எரிந்துகொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டு அப்படியே பையோடு பஸ் ஏறினோம். டாக்டர் அம்மா சீட்டைப் பார்த்தார். "அறுபதுன்னு சொன்னா அறுபதுக்கே வர்றதா? சீக்கிரம் வந்திருக்கலாம் இல்ல?" என்று கடிந்துகொண்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும்.

அந்த வாரமே ஆப்பரேஷன் ஆனது. உள்ளே கொண்டுபோகும்போது அவள் யாரையும் தேடவில்லை. கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு போனாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் எதைத் தொட்டுப் பத்து எண்ணுவது என்று தெரியவில்லை. பெஞ்சைத் தொட்டு எண்ணினேன். பத்து நாள் கழித்து வந்த ரிசல்ட்டில் கெட்டது எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. ஒரு மாசம் குரல் கம்மலாக இருந்தது. தினம் காலையில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான். இதை எழுதும்போது அவள் உள்ளே யாரையோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அம்மன் காப்பாற்றினாள் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவள் காப்பாற்ற இடம் கொடுக்காமல் அறுபதாம் நாள் வரை இழுத்தது நாங்கள். யாருக்காவது கழுத்தில் கட்டி தெரிந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வேண்டுதலை அப்புறம் நிறைவேற்றுங்கள். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எய்துங்க. நான் சொன்னேன்னு மட்டும் எய்தாதீங்க" என்றாள்.

இப்போது எங்கள் தெருவில் இந்தக் கதை வேறு மாதிரி நடமாடுகிறது. அம்மனே கனவில் வந்து அலுமினியம் கேட்டாள் என்கிறார்கள். கரண்ட் இல்லாமலே எரிந்தது என்கிறார்கள். மாதவரத்திலிருந்து வந்த ஒருவர், கட்டி கருவறை வாசலிலேயே கரைந்துவிட்டதாமே என்று என்னிடமே கேட்டார். கனவு எதுவும் வரவில்லை. கரண்ட் இருந்தது. கட்டியைக் கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள்.

அதனால் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். வாயால் சொன்னாலும் சரி, நகல் எடுத்துக் கொடுத்தாலும் சரி. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சாமி விஷயத்தில் நல்ல உலோகமாக இருக்கட்டுமே என்று தாமிரம் எனப் போட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு தடவை நான் சொல்லிப் பார்த்தாயிற்று. அலுமினியம் என்றே இருக்கட்டும்.